பட்டு: புழு முதல் சேலை வரை – தயாரிப்பு, பயன், பராமரிப்பு



அண்மையில் என் படிவம் நான்கு மாணவர்களுக்குப் 'பட்டுத்துணி தயாரிக்கப்படும் முறை' என்ற தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுதக் கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மாதிரி இரண்டு வரிகள் இருந்தன: "பட்டுப்புழுவிடமிருந்து நூல் எடுக்கப்படுகிறது. பின்னர் அது துணியாக நெய்யப்படுகிறது." சரி, எப்படி எடுக்கிறார்கள்? ஆட்டுக்கு முடி கத்தரிப்பது போலவா? பசுவிடம் பால் கறப்பது போலவா? யாரும் எழுதவில்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகக் கேட்டிருந்தாள்: "டீச்சர், நூல் எடுத்த பிறகு அந்தப் புழு என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது என் சொந்தக் கதை.

என் அம்மாவின் கூறைச்சேலை அசல் காஞ்சிபுரம் பட்டு. அரக்கு நிறம், பச்சைக் கரை. நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு கலைநிகழ்ச்சிக்கு அதைக் கேட்டு வாங்கிக் கட்டினேன். மேடை வெளிச்சத்தில் வியர்த்துக் கொட்டியது. விடுதிக்கு வந்ததும், அழுக்காகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சலவைத்தூள் போட்டு இயந்திரத்திலேயே துவைத்துவிட்டேன். காய்ந்ததும் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, நாலைந்து அந்துருண்டைகளையும் உள்ளே தள்ளி அம்மாவின் அலமாரியில் வைத்தேன். துவைத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து என் திருமண விருந்துக்குக் கட்டலாமென்று எடுத்தோம். ஜரிகை கறுத்திருந்தது. மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு போட்டாற்போல் விரிசல். அம்மா விரலால் தடவிய இடத்தில் துணி பிரிந்தது. "போகட்டும்மா, துணிதானே" என்றார். ஆனால் அன்று முழுவதும் அம்மா அதிகம் பேசவில்லை.

நான் செய்த ஒவ்வொரு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். பட்டு எதனால் ஆனது என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் எந்தப் பராமரிப்புக் குறிப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பட்டு எதனால் ஆனது?

பருத்தி ஒரு செடியிலிருந்து கிடைக்கிறது. அதன் இழை செல்லுலோஸ் என்னும் தாவரப்பொருளால் ஆனது. பட்டு அப்படியல்ல. அது ஒரு பூச்சியின் உடலில் சுரப்பது, புரதத்தால் ஆனது. நம் தலைமுடி, நகம், ஆட்டு உரோமம் ஆகியவையும் புரதமே. ஆகவே பட்டுத்துணியை நினைக்கும்போது 'இது துணி' என்பதோடு நிறுத்தாமல் 'இது முடியைப் போன்ற ஒரு பொருள்' என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியில் குளோரின் வெளுப்பானை ஊற்றுவோமா? கொதிக்கும் சோடா நீரில் ஊற வைப்போமா? மாட்டோம் அல்லவா? பட்டுக்கும் அதே நியாயம்தான்.

பட்டு இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளே இருப்பது ஃபைப்ராயின். இதுதான் உண்மையான இழை. எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அதைச் சுற்றிப் பூசப்பட்டிருப்பது செரிசின் என்னும் பசை. ஏறத்தாழ கால் பங்கு. இந்த இரண்டு பெயர்களையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல விளக்கங்களுக்கு இவையே திறவுகோல்.

தயாரிப்பு: படிப்படியாக

உலகில் அதிகம் பட்டு தயாரிக்கும் நாடு சீனா. இரண்டாவது இந்தியா. பட்டில் பல வகைகள் இருந்தாலும் நாம் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் மல்பெரிப் பட்டு. மல்பெரியைத் தமிழில் முசுக்கொட்டை என்பர். அதன் இலையை மட்டுமே தின்று வளரும் 'பாம்பிக்ஸ் மோரி' என்னும் புழுதான் இந்தப் பட்டைத் தருகிறது. இந்தியாவில் இதை அதிகம் வளர்க்கும் மாநிலம் கர்நாடகம். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களிலும் வளர்க்கிறார்கள்.

முதல் நிலை, முட்டை. ஒரு தாய்ப்பூச்சி 300 முதல் 500 முட்டைகள் வரை இடும். முட்டை இட்டு முடித்ததும் அந்தத் தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் வைத்து நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோய் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடுவார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் நாம் அறிவியல் பாடத்தில் படித்த லூயி பாஸ்டர்தான். 1865-இல் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அரசாங்கம் அவரைத்தான் அனுப்பி வைத்தது. அவர் கண்ட வழி இன்றும் கைக்கொள்ளப்படுகிறது.

இரண்டாம் நிலை, புழு. ஏறத்தாழ பத்து நாளில் முட்டை பொரியும். வெளிவரும் புழு எறும்பளவுதான் இருக்கும். முதலில் கொழுந்து இலையைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். அடுத்த 25 முதல் 28 நாளில் அது நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தோலுரிக்குமுன் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கும். வளர்ப்பவர்கள் இதைத் 'தூக்கம்' என்பார்கள். கடைசிப் பருவத்தில் அது தின்னும் வேகம் வியப்பானது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே கொட்டகையில் இலையைக் கடிக்கும் ஓசை, தகரக்கூரையில் மழை தூறுவது போலக் கேட்கும். பொரிந்தபோது இருந்ததைவிட எடை ஏறத்தாழ 10,000 மடங்கு கூடியிருக்கும்.

மூன்றாம் நிலை, கூடு. வயிறு நிறைந்த புழு தின்பதை நிறுத்திவிடும். உடல் லேசாகப் பளபளத்து மஞ்சளாகும். இதைப் பார்த்ததும் புழுக்களைப் பொறுக்கிச் 'சந்திரிகை' என்னும் தட்டில் விடுவார்கள். அது மூங்கிலால் சுருள் சுருளாகப் பின்னிய அகலமான தட்டு. புழு அதில் ஓர் இடுக்கைப் பிடித்துக்கொண்டு கூடு கட்டத் தொடங்கும். அதன் உடலில் இரண்டு பட்டுச் சுரப்பிகள் உண்டு. இரண்டிலிருந்தும் வரும் குழம்பு, வாய்க்குக் கீழே உள்ள நுண்துளை வழியாக இழையாக வெளிவந்து கெட்டியாகிறது. புழு தலையை எட்டு என்ற எண் வடிவில் ஆட்டி ஆட்டி அந்த இழையைத் தன்னைச் சுற்றிலும் பின்னிக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். கடலைக்காய் வடிவில் ஒரு சிறு கூடு தயார். அதில் இருப்பது எங்கும் அறுபடாத ஒரே இழை. நல்ல இனமென்றால் அதன் நீளம் 1,000 மீட்டரைத் தாண்டும். பள்ளித் திடலின் 400 மீட்டர் ஓட்டப்பாதையை இரண்டரைச் சுற்று சுற்றிவரும் நீளம், கட்டைவிரல் அளவுள்ள ஒரு கூட்டுக்குள்!

நான்காம் நிலை, அவித்தல். கூட்டுக்குள் புழு, கூட்டுப்புழுவாக மாறுகிறது. விட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அது அந்துப்பூச்சியாகி, ஒரு திரவத்தைச் சுரந்து கூட்டின் முனையை இளக்கி, துளைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் அந்த ஒரே நீள இழை பல இடங்களில் அறுந்துபோகும். எனவே பூச்சி வெளிவருமுன், கூடுகளை நீராவியிலோ சூடான காற்றிலோ வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு இறந்துவிடுகிறது. என் மாணவி பென்சிலால் கேட்ட கேள்விக்கு விடை இந்த நிலையில்தான் இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேசுவோம்.

ஐந்தாம் நிலை, நூல் எடுத்தல். கூடுகளைக் கொதிநீரில் போட்டதும் செரிசின் பசை இளகுகிறது. தூரிகையால் மேலே தடவி இழையின் நுனியைக் கண்டுபிடிக்கிறார்கள். தனி இழை கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. ஆகவே எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்து இராட்டையில் சுற்றுகிறார்கள். நீரில் இருந்து எழும்போது இளகிய பசையே அவற்றை ஒட்டி ஒரே நூலாக்குகிறது. இப்படிக் கிடைப்பது கச்சாப் பட்டு. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு 6 முதல் 8 கிலோ கூடு வேண்டும். ஒரு கூட்டின் எடை ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கூடுகள், அரைக்கிலோ கச்சாப் பட்டு செலவாகும் ஒரு சேலைக்கு 2,000 கூடுகள்.

ஆறாம் நிலை, முறுக்கலும் பசைநீக்கலும் சாயமிடலும். கச்சாப் பட்டு விறைப்பாக, பளபளப்பின்றி இருக்கும். பல நூல்களைச் சேர்த்து முறுக்கிய பின், சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேக வைத்துச் செரிசினை நீக்குகிறார்கள். எடை கால் பங்கு குறைந்தாலும், உள்ளே இருக்கும் ஃபைப்ராயின் வெளிப்பட்டு மென்மையும் மினுமினுப்பும் வருகின்றன. அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவில் இருப்பதால் ஒளி பல கோணங்களில் தெறிக்கிறது. பட்டின் அந்தத் தனி மினுமினுப்புக்கு இதுவே காரணம்.

ஏழாம் நிலை, நெசவு. காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கு நெய்யும் பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. அசல் ஜரிகை என்பது பட்டுநூலின்மேல் வெள்ளித்தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் பூசியது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவுக்கு அரிசிக்கஞ்சி தோய்த்து, வீதியோரம் நீளமாகக் கட்டிக் காயவைப்பதைக் காஞ்சிபுரத்துக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்வதற்குக் 'கோர்வை' என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; நெசவாளருக்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருவரும் வேண்டும். உடலையும் முந்தானையையும் இழைக்கு இழை இணைக்கும் முறை 'பேட்னி'. இந்த இரண்டும்தான் காஞ்சிபுரத்தின் அடையாளம். 2005-ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம் நாட்டின் சொங்கேட் துணியையும் இங்கே நினைத்துப் பாருங்கள். திரங்கானுவிலும் கிளந்தானிலும் பட்டு அல்லது பருத்திப் பாவில் கூடுதல் ஊடையாகப் பொன்னிழை சேர்த்துக் கையால் நெய்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டுரையில் ஒப்பிட்டு எழுத இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்தப் பென்சில் கேள்வி

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியின் கேள்வியை எடுத்துப் பேசினேன். "புழு செத்துப் போயிரும்" என்றதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "டீச்சர், நாங்க வீட்ல சைவம். அப்ப எங்க பாட்டி பட்டு கட்டுறது தப்பா?" என்று கேட்டான்.

தப்பா, சரியா என்று தீர்ப்புச் சொல்வது ஆசிரியரின் வேலையல்ல என்பது என் கருத்து. மாணவர் தாமே யோசித்து முடிவெடுக்கத் தேவையான செய்திகளை மறைக்காமல் கொடுப்பதுதான் நம் வேலை. நான் சொன்னவை இவை:

• வழக்கமான முறையில் கூட்டுப்புழு இறக்கிறது. அடுத்த தலைமுறைக்கு முட்டையிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவை மட்டுமே பூச்சியாக வெளிவருகின்றன.

• வெளிவரும் பூச்சியும் சில நாள்களே வாழும். அது எதையும் தின்னாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் வளர்த்ததால் பறக்கும் ஆற்றலையும் இழந்துவிட்டது.

• இறந்த கூட்டுப்புழு வீணாவதில்லை. மீன், கோழித் தீவனமாகிறது. கொரியாவில் மனிதர்களே அதை வேக வைத்து உண்கிறார்கள்.

• பூச்சி வெளியேறிய பிறகு, துளைபட்ட கூட்டிலிருந்து நூல் நூற்கும் முறையும் உண்டு. அது 'அகிம்சைப் பட்டு' எனப்படுகிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜய்யா இதைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். இழை அறுந்திருப்பதால் பஞ்சைப் போல நூற்கவேண்டும், மினுமினுப்பு சற்றுக் குறையும், விலை கூடும். அசாமின் 'எரி' வகைப் புழு கட்டும் கூடு ஒரு முனையில் திறந்தே இருப்பதால், அதிலும் பூச்சியை வெளியேற விட்டு நூற்க முடியும்.

இதைக் கேட்ட பிறகு வகுப்பு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. ஒரு மாணவி, "தோல் செருப்பு போடுறோமே டீச்சர்" என்றாள். இன்னொருவன், "பாட்டிகிட்ட இருக்கிற சேலையைத் தூக்கிப் போட்டா புழு திரும்பி வராது, அதை நல்லா வச்சுக்கிறதுதான் மரியாதை" என்றான். அவன் சொன்னது எனக்கு நேரே தைத்தது. 2,000 கூடுகளில் பிறந்த ஒரு சேலையைச் சலவை இயந்திரத்தில் போட்டவள் அல்லவா நான்!

ஆசிரியர்களே, கட்டுரையில் 'எடுக்கப்படுகிறது' என்ற செயப்பாட்டுவினை சில சமயம் உண்மையை மூடும் போர்வையாகிவிடுகிறது. யார், எதை, எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். விடுபட்ட படிநிலை தானாக வெளியே வரும்.

பட்டின் நன்மைகள்

• வலிமை: மெல்லிய இழையாக இருந்தாலும் இழுவலிமை அதிகம். அதனால்தான் அறுவை சிகிச்சையில் தையல் நூலாகவும் பட்டு பயன்படுகிறது. நைலான் வருமுன் வான்குடைகளும் பட்டில் தைக்கப்பட்டன.

• ஈரம் உறிஞ்சுதல்: தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை ஏற்றாலும் நனைந்தது போன்ற உணர்வைத் தராது.

• வெப்பக் காப்பு: வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே குளிரில் கதகதப்பு தரும்.

• சாயப்பிடிப்பு: புரத இழை சாயத்தை ஆழமாக ஏற்பதால் நிறங்கள் செறிவாக இருக்கும்.

• தீத்தடுப்பு: பருத்தியைப் போலக் குபீரென்று பற்றி எரியாது. தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

• மக்கும் தன்மை: பாலியஸ்டரைப் போல அல்லாமல் மண்ணில் மக்கிவிடும்.

குறைகளையும் எழுதுங்கள், அப்போதுதான் கட்டுரை நம்பத்தக்கதாக இருக்கும். விலை அதிகம். பராமரிப்பு அதிகம். மெல்லிய பட்டுச்சட்டை நம் வெயிலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் ஜரிகை கனக்கும் காஞ்சிபுரம் பட்டை உடுத்திக்கொண்டு காற்றோட்டமில்லாத மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்களிடம் 'பட்டு குளிர்ச்சி' என்று சொல்லிப் பாருங்கள்!

பராமரிப்பு: விதியும் காரணமும்

கீழே உள்ள ஒவ்வொரு விதியோடும் அதன் காரணத்தையும் சேர்த்திருக்கிறேன். நான் செய்த தவறுகள் எல்லாம் இதில் உள்ளன.

1. கட்டிக் களைந்ததும் மடிக்காதீர்கள். நிழலில், விசிறிக் காற்றில் சில மணி நேரம் உலர விடுங்கள். வியர்வையில் உள்ள உப்பும் அமிலமும் புரத இழையை அரிக்கும்; சாயத்தையும் மாற்றும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும்.

2. வெயிலில் காயப்போடாதீர்கள். புற ஊதாக் கதிர்கள் பட்டை மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும்.

3. சாதாரணச் சலவைத்தூள் வேண்டாம். பல தூள்களில் புரதக் கறையை நீக்கும் நொதி சேர்த்திருக்கிறார்கள். அதற்கு இரத்தக்கறையும் ஒன்றுதான், பட்டு இழையும் ஒன்றுதான்; இரண்டுமே புரதம். தூளின் காரத்தன்மையும் இழையைத் தாக்கும். "தயாரிக்கும்போது சோப்பும் சோடாவும் போட்டு வேக வைத்தார்களே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அப்போது மேலே செரிசின் இருந்தது, கரைந்தது அதுதான். நேரமும் சூடும் அளவோடு கட்டுப்படுத்தப்பட்டன. உங்கள் கையில் உள்ள சேலையில் கரைவதற்குச் செரிசின் இல்லை. அடுத்துத் தாக்கப்படுவது ஃபைப்ராயின்தான்.

4. குளோரின் வெளுப்பான் அறவே கூடாது. அது பட்டைக் கரைத்துவிடும்.

5. ஜரிகைச் சேலையை உலர்சலவைக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. டோபி கடையில் கொடுக்கும்போது 'அசல் பட்டு, ஜரிகை உள்ளது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜரிகை இல்லாத எளிய பட்டை வீட்டில் அலசலாம்: குளிர்ந்த நீர், மென்மையான திரவச் சோப்பு, சில நிமிடங்கள் மட்டும். முதலில் உள்மடிப்பில் ஓர் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், ஈரமான பட்டு வலிமை குறைந்திருக்கும். துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும்.

6. மிதமான சூட்டில், உட்புறமாக, மேலே மெல்லிய துணி விரித்து இஸ்திரி போடுங்கள். நீர் தெளிக்காதீர்கள்; திட்டுத்திட்டாகக் கறை நிற்கும்.

7. வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டுமுன்பே பூசிக்கொள்ளுங்கள். நேரே பட்டால் பட்டில் கறையும் ஜரிகையில் கறுப்பும் ஏறும்.

8. பிளாஸ்டிக் பை வேண்டாம். வெளுத்த பருத்தித்துணியில் சுற்றி வையுங்கள். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டையொட்டியே இருக்கிறது. பிளாஸ்டிக் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஜரிகையில் உள்ள வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கறுக்கும். ஈரம் அதை விரைவுபடுத்தும். அலமாரியின் மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைப்பது நல்லது.

9. அந்துருண்டை சேலையைத் தொடக்கூடாது. ஜரிகையில் பட்டால் நிறம் கெடும் என்று அனுபவமுள்ளவர்கள் எச்சரிப்பார்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் துணியில் முடிந்து தனியாக ஒரு மூலையில் வையுங்கள். அந்துப்புழுவுக்குப் பிடித்தது வியர்வை படிந்த புரதம். ஆகவே சுத்தமாக வைப்பதே முதல் பாதுகாப்பு.

10. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்திருக்கும் இழையும் ஜரிகையும் அந்தக் கோட்டிலேயே முறியும். அம்மாவின் சேலை விரிசல் விட்டது இப்படித்தான்.

அசலா, போலியா?

'ஆர்ட் சில்க்' என்று எழுதியிருந்தால் அது கலைப்பட்டு அல்ல, செயற்கைப்பட்டு. 'சாட்டின்' என்பது இழையின் பெயரல்ல. நெசவு முறையின் பெயர். பாலியஸ்டரிலும் சாட்டின் நெய்யலாம். இந்தியப் பட்டு வாங்கும்போது 2004-இல் தொடங்கப்பட்ட 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி எரித்துப் பார்ப்பது பழைய சோதனை. பட்டு, முடி கருகும் மணம் தந்து பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். மாணவர்கள் இதைத் தனியாகச் செய்யக்கூடாது, பெரியவர்கள் உடனிருக்கவேண்டும்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு

• சந்திப்பிழையைக் கவனியுங்கள். 'பட்டு' வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும்: பட்டுக்கூடு, பட்டுச்சேலை, பட்டுத்துணி, பட்டுப்புழு. 'பட்டுநூல்' என்பதில் மிகாது. பட்டு + ஆடை = பட்டாடை.

• கூறை, கூரை இரண்டும் வேறு. கூறை என்பது மணப்பெண் உடுத்தும் ஆடை. கூரை என்பது வீட்டின் மேற்பகுதி. "மணமகள் கூரைச்சேலை உடுத்தினாள்" என்று எழுதினால் அவள் தலையில் ஓடு விழுந்துவிடும்!

• புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி ஆகியவை ஒரே உயிரின் மூன்று பருவங்கள். மாற்றி எழுதாதீர்கள். கூடு கட்டுவது புழு, கூட்டுக்குள் இருப்பது கூட்டுப்புழு, முட்டையிடுவது பூச்சி.

• படிநிலைகளை இணைக்க 'முதலாவதாக', 'இதனையடுத்து', 'அதே வேளையில்', 'இதன் விளைவாக' முதலிய இணைப்புச் சொற்களைப் பயன்படுத்துங்கள். 'பிறகு, பிறகு' என்றே போகாதீர்கள்.

• ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு 'ஏன்' எழுதுங்கள். 'கூடுகளைக் கொதிநீரில் போடுவர்' என்பது தகவல். 'பசை இளகி இழை பிரிவதற்காகக் கூடுகளைக் கொதிநீரில் போடுவர்' என்பது விளக்கம். விளக்கக் கட்டுரைக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்க ஓர் எளிய நடவடிக்கை: மாணவர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள ஒரு பட்டாடையைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். யார் வாங்கியது, எதற்காக, இப்போது எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்தி எழுதட்டும். என் வகுப்பில் மூன்று வீடுகளில் அன்றே பிளாஸ்டிக் பைகள் குப்பைக்குப் போயின.

அம்மாவின் சேலையில் முந்தானைப் பகுதி மட்டும் கிழியாமல் இருந்தது. அம்மாவின் அனுமதியோடு அதை வெட்டி, ஓரம் தைத்து, இந்தப் பாடம் நடத்தும்போது வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். மாணவர்கள் கை கழுவிவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓரத்தில் கேள்வி எழுதிய அந்த மாணவி தன் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தபோது நான்காம் பத்தியை இப்படித் தொடங்கியிருந்தாள்: "பூச்சி வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்பதால், கூட்டுப்புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை அவிக்கிறார்கள், கூட்டுப்புழு இறந்துவிடுகிறது." அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதினேன்.